கம்ப்யூட்டர் துயில் கொள்ளப் போகிறார்

அன்று நகலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பெரியவர்களுக்கான 'பாக்' சேர்த்து பாக் ஹர்ஜோ என்று எல்லாரும் அழைக்கும் ஹர்ஜோசுமார்த்தோ, அவர் மகள் விதூரி, அவருடைய தம்பி மகன் பிரமோனோ. மேற்கே பன்யுமாஸ் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த சர்வின், துர்சினா. ஆறாவதாக, அறையைச் சும்மா கொடுத்த நகலகக்காரர் கோ ஹியான். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்ட வேறு யாரும் அங்கே இல்லை.

நோன்பு மாதம் முடிந்து லெபாரான் பெருநாளும் கழிந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஜாவாவில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதற்காகக் கூடுவார்கள். அந்தப் பெயரில்தான் கூட்டமும் கூடியது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற எண்ணத்தோடு யோக்யகர்த்தாவின் அந்த மாடிப்படியில் யாரும் ஏறவில்லை. பாக் ஹர்ஜோ சலவை மடிப்புக் கலையாத பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியும் அணிந்து, கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். முழங்கால் வலி இருந்தது. எதிர்த்தரப்பு அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தார்.

விஷயம் இதுதான். மெலாத்தி என்று ஒரு கட்டற்ற மென்பொருள். கணினியைத் திறந்தால் முதலில் முகம் காட்டுவது, கோப்பைச் சேமிப்பது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் அது. பல நாட்டுக்காரர்கள் கூலி வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அதை ஜாவானிய மொழியில் பேச வைத்தவள் விதூரி. பகலில் ஒரு மருத்துவமனையின் கணக்கு மென்பொருளோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினாள். துணைக்குக் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள், வந்தார். சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள், வந்தான். அப்படித்தான் அந்தக் குழு உண்டானது, விதூரி அதன் தலைவரானாள். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் ஒப்புதல் உரிமை உள்ள ஒருவர் பார்த்து அழுத்தினால்தான் அது மென்பொருளுக்குள் போகும். அந்த உரிமை மூன்று பேரிடம் இருந்தது. மூன்று பேரும் ஒரே குடும்பம். வேறு ஆளே இல்லாத காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. சர்வினும் அவன் ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தபோது பட்டது.

சர்வின் சிலாசாப்பில் ஒரு தொழிற்பள்ளியில் கணினி சொல்லிக்கொடுப்பவன். துர்சினா புர்பலிங்காவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தர். அவர்கள் பேசுவதும் ஜாவானியம்தான், ஆனால் பன்யுமாஸ் ஜாவானியம். யோக்யாவில் வாயைக் குவித்து 'ஒ' என்று உருட்டுகிற இடத்தில் அவர்கள் வாயைத் திறந்து 'அ' என்பார்கள். யோக்யாக்காரர்களுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். மேடை நாடகத்தில் கோமாளிக்கும் வேலைக்காரிக்கும் அந்தப் பேச்சைத்தான் கொடுப்பார்கள்.

பாக் ஹர்ஜோ சிரிக்கிறவர் இல்லை. அவருடைய தாத்தா சுல்தான் அரண்மனையில் எழுத்து வேலை பார்த்தவர். சம்பளம் பெயருக்குத்தான், பேச்சுச் சுத்தம்தான் சொத்து. பாக் ஹர்ஜோ வானொலியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஜாவானியச் செய்தி வாசித்தவர். கடைத்தெருவில் வாயைத் திறந்தால் இன்றும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் சர்வின் கூட்டத்தாரின் மொழிபெயர்ப்புகள் வந்தபோது, அவர் ஒவ்வொன்றாகப் படித்தார், ஒவ்வொன்றாக மறுத்தார். மறுப்புக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரே சொல்லை எழுதினார்: காசார். முரட்டுப் பேச்சு என்று பொருள்.

ஆறு மாதம் பொறுத்த சர்வின் குழுவின் அரட்டைப் பக்கத்தில் எழுதினான்: "இதற்குப் பெயர் கட்டற்ற மென்பொருள் இல்லை. இது கதவைத் திறந்து வைத்திருக்கும் அரண்மனை. உள்ளே போக வேண்டுமானால் ராஜா முன்னால் போவதுபோலக் குந்தி நடந்துதான் போக வேண்டும்."

அரண்மனை என்பதற்கு அவர்கள் சொல் கிராத்தோன். அது ஒட்டிக்கொண்டது. "கிராத்தோன் இன்னும் பார்க்கவில்லையா?" "கிராத்தோனில் பள்ளியெழுச்சி ஆகவில்லை போலிருக்கிறது." மலேசியாவில் வேலை செய்கிற, இவர்கள் முகத்தையே பார்த்திராத ஜாவாக்காரர்கள்கூட அப்படி எழுத ஆரம்பித்தார்கள். சர்வின் அதோடு நிற்காமல் மெலாத்தியின் தலைமைக் குழுவுக்குப் புகார் எழுதினான்: ஜாவானியக் குழு ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது, தலைவர் மாற வேண்டும். தலைமைக் குழு இரண்டு தரப்பும் பேசி ஒரே பதிலாக அனுப்பச் சொன்னது. அதற்குக் கடைசி நாள் அன்றுதான். பதில் வராவிட்டால் தலைவர் பொறுப்பைத் தாங்களே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

விதூரி அரட்டைப் பக்கத்தைத் திறப்பதையே விட்டிருந்தாள். சாப்பிடும்போது கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பாக் ஹர்ஜோ அதைப் பார்த்தார், கேட்கவில்லை. இவள் ஒற்றை ஆளாகக் கட்டியதை நேற்று வந்தவன் பிடுங்கிக்கொண்டு போக விடமாட்டேன் என்ற ஒரே தீர்மானத்தோடு அந்த அறைக்கு வந்திருந்தார். அவளுடைய பெயர் குழுவின் தலைப்பில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது.

சர்வின் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, குனிந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"பெருநாள் வணக்கம் பாக். தெரிஞ்சும் தெரியாமலும் பண்ணின தப்ப மன்னிச்சிருங்க."

"என் தப்பையும் மன்னிக்கணும்" என்றார் பாக் ஹர்ஜோ, செய்தி வாசிக்கும் குரலில். எழுத்தில் கையை ஓங்குகிறவர்கள் நேரில் கையைப் பிடித்துக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

துர்சினா ஊரிலிருந்து மெண்டோவான் கொண்டுவந்திருந்தாள். மாவில் தோய்த்து அரைகுறையாக எண்ணெயில் காட்டி எடுக்கிற தெம்பே, அதாவது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற கட்டி. கோ ஹியான் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தார். அது துவண்டு தொங்கியது.

"என்னம்மா இது, அடுப்பு பாதியில அணைஞ்சுபோச்சா?"

"அத அப்பிடித்தான் திங்கணும் கோ. மொறுமொறுன்னு வேணும்னா அப்பளம் வாங்கித் தின்னுங்க."

"திங்கறேன் திங்கறேன். சும்மா கிடைச்சா வேகாததும் வெந்ததுதான்" என்று கோ ஹியான் மிளகாயைக் கடித்துக்கொண்டார்.

அறையின் நடுவில் நகலகத்தின் கணினி இருந்தது. அதன் திரை சுவரில் பெரிதாகத் தெரியும்படி பிரமோனோ இணைத்திருந்தான். அதில் ஓடியது மெலாத்திதான், ஜாவானியத்தில். கோ, அதாவது அண்ணன், என்று எல்லாரும் கூப்பிடுகிற ஹியான் சீன வம்சம் என்றாலும் யோக்யாவிலேயே பிறந்து வளர்ந்தவர். விதூரி கேட்டுக்கொண்டதற்காகத் தன் கடைக் கணினிகள் எல்லாவற்றிலும் அதைப் போட்டிருந்தார்.

பாக் ஹர்ஜோதான் முதலில் பேசினார். நிமிர்ந்து, நாற்காலியின் முதுகில் சாயாமல். ஆணுக்கு மாஸ், பெண்ணுக்கு ம்பாக் என்று மரியாதை சேர்க்காமல் அவர் இளையவர்களைக்கூட அழைப்பதில்லை.

"மாஸ் சர்வின், எங்களை அரண்மனைன்னு எழுதினீங்க. மழை பெஞ்சா எங்க வீட்டுக் கூடத்துல நாலு வாளி வைக்கிறோம். ஒருநாள் வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம்."

"நாலு வாளி வெக்கிற அரண்மனையும் உண்டு பாக்" என்றார் கோ ஹியான்.

"நான் வீட்டச் சொல்லல பாக்" என்றான் சர்வின். "வாசலச் சொன்னேன். நாங்க அனுப்புதோம். நீங்க மூணு பேரும் அனுப்புதீங்க. உங்களுது அன்னிக்கே உள்ள போவுது. எங்களுது வெளிய காஞ்சு கெடக்கு. அதுக்கு என்ன பேரு வைக்கச் சொல்லுதீங்க?"

"உங்களோடது ஏன் கிடக்குதுன்னு எழுதித்தானே இருக்கேன்."

"எழுதியிருக்கீங்க." சர்வின் சிரித்தான். "ஒத்த வார்த்த."

பிரமோனோ சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாக் ஹர்ஜோ கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"சரி, பேசுவோம். கோப்பை மூடும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேக்குதே. அதுக்கு நீங்க அனுப்பினது என்ன?"

சர்வின் தன் ஊர்ப் பேச்சில் சொன்னான். தமிழில் சொல்லப்போனால், 'சேத்து வைக்கவா, வேண்டாமா?'

"எங்களோடது?"

"நீங்களே சொல்லுங்க பாக். எனக்கு வாய் கோணும்."

பாக் ஹர்ஜோ சொன்னார். 'தாங்கள் இதனைச் சேமித்து வைக்கத் திருவுளம் கொள்கிறீர்களா?' அந்தக் குரலில் அது நன்றாகவே இருந்தது.

ஜாவானியப் பேச்சுக்குப் படிகள் உண்டு. சிறியவர்களிடமும் நண்பர்களிடமும் பேசுவது ஙோகோ. பெரியவர்களிடம் பேசுவது குரோமோ. உண்பதற்கும் உறங்குவதற்கும் நடப்பதற்கும் படிக்கு ஒரு சொல் உண்டு. அப்பா மகளிடம் ஙோகோவில் பேசுவார், மகள் அப்பாவுக்குக் குரோமோவில் பதில் சொல்வாள். எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்று யோசிக்காமல் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை.

"என் சங்கத்துல வேல பாக்குறவங்க அதப் பாத்ததும் மொழிய இந்தோனேசியத்துக்கு மாத்திக்கிடுதாங்க" என்றாள் துர்சினா. "ஏன்னு கேட்டா, கம்ப்யூட்டர் நம்மள வையுதான்னு தெரியல, கும்பிடுதான்னும் தெரியலங்காங்க."

கோ ஹியான் வாய்விட்டுச் சிரித்தார். பாக் ஹர்ஜோ சிரிக்கவில்லை.

"ம்பாக் துர்சினா, உங்க அம்மா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்காங்கன்னு வைங்க. ஒரு பெட்டி அவங்களப் பாத்து 'ஏய், வேணுமா வேணாமா'ன்னு கேக்கலாமா? உங்க வீட்ல சம்மதமா?"

"எங்கம்மாகிட்ட நானே அப்பிடித்தான் கேக்குதேன் பாக். அவ அடிச்சதில்ல. எங்க ஊருல மாமியாகிட்டயும் ஒரே பேச்சுதான். அதனால நாங்க மரியாத இல்லாதவங்களா?"

"அப்படி நான் சொல்லல."

"சொன்னீங்க பாக்." துர்சினாவின் குரல் உயரவில்லை. "நோம்பு நேரத்துல, மத்தியானம் சங்கத்துல ஆளில்லாதப்ப உக்காந்து அம்புட்டும் செஞ்சேன். பெருநாள் கழிச்சு தெறந்து பாத்தா, என் பேருக்கு நேரே மேலருந்து கீழ வரைக்கும் காசார், காசார்னு நிக்கி. எம்மக பக்கத்துல இருந்தா. 'ஒன்ன எதுக்கும்மா முரடுங்காங்க'ன்னு கேட்டா. நீங்க என் வார்த்தயத்தான் சொன்னீங்க. பேருக்கு நேரேல்லா இருக்கு."

விதூரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தையைச் சொன்னது ஆளைச் சொன்னதாகாது என்று ஒரு பதில் பாக் ஹர்ஜோவிடம் இருந்தது. வானொலி நிலையத்தில் அவருடைய எழுத்தைத் திருத்தியவர்களும் ஒற்றைச் சொல்லில்தான் திருத்தினார்கள், அவர் ஒருநாளும் அழுததில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தார்.

யாரும் தொடாமல் கிடந்த கணினி அந்த நேரம் பார்த்து மங்கியது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. கோ ஹியான் அதை உரக்கப் படித்தார்.

தமிழில் அந்த வரி இப்படி வரும்: 'கம்ப்யூட்டர் துயில் கொள்ளப் போகிறார்.'

ஜாவானியத்தில் தூங்குவதற்கு மூன்று சொற்கள். ஙோகோவில் தூரு. குரோமோவில், தன்னைப் பற்றிப் பணிவாகச் சொல்லிக்கொள்ளும்போது, திலெம். உயர்ந்தவர்கள் தூங்கினால் மட்டும் சாரே. தகப்பனார் தூங்கினால் சாரே, சுல்தான் தூங்கினால் சாரே. தன்னைச் சொல்லும்போது அந்தச் சொல்லை எடுக்கவே கூடாது. எடுத்தால் பெண் கொடுக்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சுவரில் இருந்தது சாரே.

"அடடா!" கோ ஹியான் தொடையில் தட்டினார். "மகாராஜா கட்டிலுக்குப் போறாராம்! நான் போய்க் காலமுக்கி விடணுமா? இந்தக் கடைக்கு நான் முதலாளின்னுல்ல நினைச்சேன்!"

சர்வின் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. பிரமோனோவுக்கும் வந்துவிட்டது. சுவரைப் பார்த்த பாக் ஹர்ஜோவுக்குக் காது மடல் சூடேறியது. மரியாதைச் சொல்லைத் தனக்கே வைத்துக்கொள்கிற ஒரு பெட்டி. இதைவிட மோசமான ஜாவானியத்தை எந்தப் பன்யுமாஸ்காரனும் அவருக்கு அனுப்பியதில்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அவருக்கு உடனே நினைவு வந்தது. விதூரி ஆரம்பித்த முதல் வருடம். கெடு முடிகிற நாள். அடுத்த அறையிலிருந்து அவள், "அப்பா, கடைசி ஒரு கட்டு இருக்கு, பாத்து அழுத்திடுங்க, இப்பவே அனுப்பணும்" என்று குரல் கொடுத்தாள். அவர் அழுத்தினார். பார்க்கவில்லை.

"யார் எழுதினது இது?" என்றான் சர்வின்.

"நான்" என்றார் பாக் ஹர்ஜோ.

அவருக்கு அது பொய் என்றே தோன்றவில்லை. பிள்ளைகள் தெருவில் கண்ணாடியை உடைத்தபோது வாசலுக்கு வந்து நின்றவர் அவர்தான். வீட்டுக்குள் என்ன நடந்தாலும் வெளியே பதில் சொல்வது தகப்பன். அவர் அப்பா அப்படி இருந்தார், அவரும் அப்படி இருந்தார்.

சர்வின் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். சுட்டியைத் தொட்டு இரண்டு முறை அழுத்தினால் அந்த வரியை யார் எழுதினார்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று சுவரில் வந்துவிடும். அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஒருவரும் தொடவில்லை. அந்த மரியாதையை பாக் ஹர்ஜோ கவனித்தார். அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"அப்பா" என்றாள் விதூரி. "அது நான் எழுதினது."

"நான்தான் எழுதினேன்."

"அப்பா, இங்க எதையும் மறைக்க முடியாது. உலகத்துல எவன் வேணாலும் பாக்கலாம். எழுதினது நான், ஒப்புதல் நீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம்கூட இல்ல." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்கு அவ்வளவுதான் குரோமோ தெரியும். மரியாதையா இருக்கட்டும்னு பெரிய சொல்லாப் பாத்துப் போட்டேன்."

"இத்தனை வருஷம் ஓடியிருக்கு!" என்றார் கோ ஹியான். "ஒருத்தனும் பாக்கலியா? என் கடையில தினம் ஆயிரம் பேரு வர்றான். நானே இப்பத்தான் பாக்கறேன்னா பாருங்களேன். கடையில கம்ப்யூட்டரத் தூங்க விட்டாத்தானே!"

"நாங்க பாத்தோம்" என்றாள் துர்சினா.

பாக் ஹர்ஜோ அவளைப் பார்த்தார்.

"எங்க கம்ப்யூட்டர்ல போட்ட மொத வாரமே பாத்தோம் பாக். சர்வின் அண்ணங்கிட்டயும் கேட்டேன். அண்ணன் சொன்னாரு, அவங்க யோக்யாக்காரங்க, அரண்மனைப் பக்கம் ஒருவேள மெஷினுக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்களோ என்னமோன்னு. நமக்குத்தான் தெரியலன்னு விட்டுட்டோம்."

"சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.

"எங்க பாக் சொல்ல? அந்தக் கட்டத்துலயா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே எங்கே என்றுதான் கேட்டாள். அரண்மனை என்ற சொல்லை பாக் ஹர்ஜோ இத்தனை நாள் வசவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் சொன்னது வசவு இல்லை. அவள் அதை நம்பியிருக்கிறாள். அவருடைய வீட்டிலிருந்து வந்த தப்பைப் பார்த்து, தப்பு தன்னிடம் இருப்பதாக நினைத்திருக்கிறாள். தாத்தா காலத்திலிருந்து காப்பாற்றிய பேச்சுச் சுத்தத்துக்கு இதைவிடப் பெரிய கேவலம் இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

சர்வின் மெதுவாக ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். தலைமைக் குழுவுக்கு அவன் எழுதி வைத்திருந்த பதில். "பாக், இதுக்குமேல பேசினா பெருநாள் மன்னிப்பு வீணாப்போவும். நாங்க கேக்கறது ஒண்ணுதான். தலைவரு மாறணும். ம்பாக் விதூரி மேல கோவம் இல்ல. ஆனா ஒரே வீடு எழுதி, ஒரே வீடு பாத்து, ஒரே வீடு அழுத்துனா, அதுக்கு அவங்கதான பொறுப்பு?"

விதூரி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "சரி. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

"பொறு டுக்" என்றார் பாக் ஹர்ஜோ. மகளை அவர் எப்போதும் கூப்பிடுகிற செல்லப் பெயர் அது.

அவர் எழுந்தார். முழங்கால் காட்டிக் கொடுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். தொப்பியைச் சரி செய்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, விதூரியைப் பார்த்துக் குரோமோவில் பேசினார்.

"தலைவரம்மா அவர்களிடம் அடியேனுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அடியேனிடம் கொடுத்திருக்கும் ஒப்புதல் உரிமையைத் தாங்கள் தயைகூர்ந்து திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்."

பிறந்ததிலிருந்து அப்பா வாயில் ஙோகோவைத் தவிர எதையும் கேட்டிராத பெண் அவள். வா, போ, சாப்பிடு, படு. விதூரியின் முகம் அறை வாங்கியதுபோலச் சிவந்தது. ஜாவாவில் அப்பன் மகளிடம் குரோமோவில் பேசினால் ஒன்று அவளைத் தலைமுழுகுகிறான், இல்லையென்றால் அவளைத் தனக்கு மேலே வைக்கிறான். இது எது என்று தெரியாமல் அவள் திணறினாள்.

"அப்பா, வேண்டாம். அப்படிப் பேசாதீங்க."

"தலைவரம்மாவிடம் அப்படித்தான் பேச வேண்டும். உரிமை கொடுத்தது தாங்கள். எடுப்பதும் தாங்களாகத்தான் இருக்க வேண்டும். தானாக விலக இந்த மென்பொருளில் பொத்தான் இல்லை. அது தங்களுக்கே தெரியும்."

கோ ஹியான் மெல்வதை நிறுத்திவிட்டார். அந்த வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சர்வின் நாற்காலியின் நுனிக்கு வந்து முதுகைக் குனித்துக்கொண்டான். பெரியவர்கள் நிற்கும்போது தலை உயர்ந்திருக்கக் கூடாது என்பது பன்யுமாஸ்காரனுக்கும் தெரியும்.

"பாக், நாங்க உங்களப் போகச் சொல்லல" என்றான்.

"உங்களுக்குப் பதில் சொல்லல மாஸ். தலைவர்கிட்டப் பேசறேன்" என்றார் அவர், பழைய குரலில். பிறகு மறுபடி மகளிடம் திரும்பினார். "தாங்கள் தலைவராகவே இருக்க வேண்டும். தங்களுடைய எழுத்தைப் படிக்காமல் அழுத்தியது அடியேன். படித்திருந்தால் அன்றைக்கே தங்களுக்குச் சொல்லியிருப்பேன், இந்தச் சுவரில் இது வந்திருக்காது. எழுதினவர்மேல் குற்றமில்லை. எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் வரும். பார்க்க உட்கார்ந்தவன் பார்க்கவில்லை. போக வேண்டியவன் அவன்தான்."

விதூரி விசைப்பலகையைத் தொட்டாள். துயில் கொள்ளப் போன கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. குழு உறுப்பினர்களின் பக்கத்தைத் திறந்து அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்தாள். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது, அதுவும் குரோமோவில்தான். அவள் ஆம் என்று அழுத்தினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் கை தயங்கவில்லை. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

பாக் ஹர்ஜோ உட்கார்ந்தார். இந்த முறை முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

சர்வின் தன் தாளை மடித்துப் பையில் வைத்தான். "தலைவரு மாறணும்னு எழுதினத எடுத்துருதேன்" என்றான். "ஆனா வீட்டுக்குள்ளயே எழுதி வீட்டுக்குள்ளயே அழுத்தறது கூடாது. அது மட்டும் எழுதணும்."

"எழுதுங்க" என்றாள் விதூரி. "உங்க ரெண்டு பேருக்கும் ஒப்புதல் உரிமை தர்றேன். நானும் பிரமோனோவும் எழுதறத இனிமே நீங்களோ ம்பாக் துர்சினாவோதான் பாக்கணும். உங்களோடத நாங்க பாப்போம். வெறும் காசார்னு யாரும் எழுதக் கூடாது, காரணம் எழுதணும்."

பிரமோனோ அன்று முழுக்கப் பேசிய உருப்படியான ஒரே வாக்கியம் அடுத்து வந்தது. "ரெண்டு பேச்சையும் வெச்சுக்கலாமே? மொத தடவ திறக்கும்போது எது வேணும்னு கேட்டுக்கட்டும்."

"எந்தப் பேச்சுல கேக்கும்?" என்றார் கோ ஹியான்.

அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டிலும் கேட்பதென்று முடிவானது. எது மேலே எது கீழே என்று மறுபடி கிளம்பியது. பக்கத்தில் பக்கத்தில் வைப்பதென்று விதூரி தலைவராக உத்தரவு போட்டாள். இடது பக்கம் யாருக்கு என்று யாரும் கேட்பதற்குள் பதிலை அனுப்பிவிட்டாள்.

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் விதூரி ஓட்ட, பாக் ஹர்ஜோ பின்னால் உட்கார்ந்து வந்தார். எந்தப் படியில் பேசுவது என்று பாதி வழி வரைக்கும் இருவருக்கும் பிடிபடவில்லை. கோத்தாகெடே திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைக்காமல் வளைத்தபோது, "மெதுவாப் போடி, கண்ணு எங்க இருக்கு?" என்று ஙோகோவில் அதட்டினார். அதன் பிறகு இருவருக்கும் எளிதாகிவிட்டது.

சாரேயைத் திலெமாக மாற்ற அவரே ஒரு திருத்தம் அனுப்பினார். இப்போது அவரும் வரிசையில் நிற்கிற ஒருவர்தான். ஐந்து நாள் அது அப்படியே கிடந்தது. அந்த ஐந்து நாளும் காலையில் எழுந்ததும் அவர் திறந்து பார்த்தார் என்பதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஆறாம் நாள் துர்சினா ஒப்புதல் கொடுத்திருந்தாள். காரணக் கட்டத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'சரியாக இருக்கிறது பாக். வரியின் முடிவில் புள்ளி விட்டுப் போயிருந்தது, நானே வைத்துவிட்டேன்.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் எழுத்தைப் பார்த்தார். புள்ளி விட்டுத்தான் போயிருந்தது.

இப்போதும் அவர் வாரம் தவறாமல் மொழிபெயர்ப்பு அனுப்புகிறார். சிலது ஏற்கப்படுகிறது. சிலது திரும்பி வருகிறது, காரணத்தோடு. காரணத்தோடு வருகிறவற்றில் பாதியை அவர் ஏற்பதில்லை. பதிலுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். துர்சினாவும் விடுவதில்லை.

அரட்டைப் பக்கங்களில் இன்னொரு கதை ஓடுகிறது. பெரியவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளினார்கள், ஐந்து கை உயர்ந்தது, அதில் ஒரு கை மகளுடையது என்று. ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. யாரும் கை தூக்கவில்லை. அவராகக் கேட்டு, அவராக விலகினார்.